நாலாம் நம்பர் பிரஸ்

உத்திரமேரூர்
22-9-2024

அன்புள்ள தம்பி சுகுமாருக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் கீதாவும் பிருந்தாவும் நலமா? கீதாவின் முட்டிவலிக்கு யாரோ சொன்ன தைலத்தைத் தடவுவதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. டாக்டரிடம் காட்டு.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். காது போன நாளிலிருந்து எல்லாரும் உனக்கு மூன்று வார்த்தையில் சேதி சொல்லி முடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டாய். மானாம்பதி சாலையில் சடையப்பன் என்பவரின் கம்பெனி. சொந்த நிலத்தில் ஷெட் போட்டிருக்கிறார். கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி வளைத்துக் கொடுக்கிறோம். பன்னிரண்டு பிரஸ், நாற்பது பேர், பாதிக்குமேல் பெண்கள். பாதுகாப்பு, உடல்நலம் இரண்டுக்கும் நான் அதிகாரி. எம்.எஸ்ஸி. வேதியியலும் அதற்குமேல் ஒரு டிப்ளமாவும் படித்துவிட்டு, நாற்பத்தொன்பது வயதில், செருப்போடு வருகிறவர்களை ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனி கேட்டதால்தான் என்னை வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மயக்கம் இல்லை.

ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருக்கிறேன். எந்தப் பாதுகாப்புக் கருவியைக் கழற்றுவதானாலும் நிறுத்துவதானாலும் என் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். ஒரு சீட்டு ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். நாலாம் நம்பர் பிரஸ் பெரியது. அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் தூண்கள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒளி போகிறது. நடுவில் கை குறுக்கிட்டால் மேலிருந்து இறங்கும் அச்சு நின்றுவிடும். எல்லாரும் அதை சென்சார் என்கிறார்கள். அது வேலை செய்கிறதென்று காட்ட ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த பிரஸ்ஸில் உட்காருகிறவள் அம்முலு. நான் பக்கத்தில் போய் நின்றாலே, "இன்னா மேடம், என் வூட்டுக்காரர்கூட என் கையை இப்டிப் பாத்துக்கினு நின்னதில்ல" என்பாள்.

மற்றபடி விசேஷம் இல்லை. பிருந்தாவைக் கணக்கில் கவனம் வைக்கச் சொல்.

அக்கா
லீலாவதி


ஓசூர்
2-10-2024

அக்காவுக்கு சுகுமார் வணக்கம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சுகர் பார்த்தாயா இல்லையா என்று கீதா கேட்கிறாள். நீ பதில் சொல்ல மாட்டாய் என்றும் அவளே சொல்கிறாள்.

உன் கடிதத்தை டூல் ஸ்டோரில் உட்கார்ந்து படித்தேன். காது போன பிறகு என்னை அங்கேதான் போட்டிருக்கிறார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் காது வேண்டாம் பார். பதினாறு வருஷம் பட்டறைச் சம்மட்டி மெஷினுக்குப் பக்கத்தில் பிட்டராக நின்றவனுக்கு, கம்பெனி டாக்டர் என்ன காரணம் எழுதினார் தெரியுமா? பரம்பரை. நம்ம நைனா எழுபது வயதில், எதிர்வூட்டில் கடுகு பொரிகிற சத்தத்தை வைத்தே இன்னா குழம்பு என்று சொல்வார். அவர் வம்சத்தில் எனக்குப் பரம்பரைச் செவிடு. சிரிப்பாக இருக்கிறது அக்கா, என்ன, அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்பதில்லை.

சென்சார் இருப்பது நல்லதுதான். ஆனால் ஓடவும் வேண்டும். இங்கே ஒரு பிரஸ்ஸில் அதன்மேல் துண்டு காயப்போட்டிருந்தார்கள். நீ அங்கே இருக்கும்வரை அப்படி நடக்காது என்று தெரியும். நான் என் ஆட்களிடம், "எங்க அக்காகிட்ட மாட்டினா தெரியும் சேதி" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கி வை. நீ சாமி கும்பிடாவிட்டாலும் பொரி தின்பாய்.

தம்பி
சுகுமார்


உத்திரமேரூர்
16-10-2024

அன்புள்ள சுகுமாருக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம்தானே? சுகர் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல். கீதாவிடம் சொல்லிக்கொள், எனக்கு ஆலோசனை வேண்டாம்.

பூஜை வெள்ளிக்கிழமை நடந்தது. சடையப்பனுக்குப் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், படிச்சவங்க, வயசுல பெரியவங்க, நீங்கதான் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிக் குடுக்கணும்" என்றார். மறுத்தால் அது ஒரு பிரசங்கமாகிவிடும். பித்தளைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு பிரஸ்ஸுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். மின்வேலை பார்க்கும் இருசப்பன் கற்பூரத் தட்டோடு பின்னாலேயே வந்தான். நாலாவதில், "இன்னா மேடம், சென்சாருக்கு வெக்கலியா? அது உங்க ஆளாச்சே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, இரண்டு தூண்களிலும் மூன்று விரலால் இழுத்துச் சந்தனம் பூசினேன்.

திங்கட்கிழமை நாலாம் நம்பர் கிளம்பவில்லை. ஒளி வரும் இடத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போவதற்குள் இருசப்பன் தின்னரை நனைத்துத் துடைத்துவிட்டான். அந்தப் பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் என்னைக் கேட்டவர் யாருமில்லை. பால் ஊற்றியதுபோல் மங்கிவிட்டது. புதியதற்குப் புனேயில் சொல்லியிருக்கிறார்கள். லோடு ஏற்ற லாரி வந்து நின்றது, ஒரே சத்தம். மதியத்துக்குள் பிரஸ் ஓடியது.

பொரி தின்றேன். பொட்டுக்கடலை நமுத்திருந்தது.

லீலாவதி


ஓசூர்
26-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொண்டாயா? கீதா உனக்கு அரக்குக் கலரில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். "பெரியண்ணி கட்டமாட்டாங்க, தெரியும். ஆனா வாங்கலன்னா கேப்பாங்க" என்கிறாள்.

நீ சென்சாருக்குச் சந்தனம் பூசினதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், ஸ்டோருக்கு வந்தவன் எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று தண்ணீர் கொண்டுவந்தான்.

அக்கா, ஒன்று மட்டும் புரியவில்லை. கண் மங்கிப்போச்சு, புதுசு வரவில்லை, மதியத்துக்குள் பிரஸ் ஓடியது என்கிறாய். எப்படி ஓடியது?

பலகாரம் கூரியரில் அனுப்புகிறோம். முறுக்கு உடைந்திருந்தால் கூரியர்காரனைத் திட்டு, கீதாவைத் திட்டாதே.

சுகுமார்


உத்திரமேரூர்
6-11-2024

அன்புள்ள சுகுமாருக்கு,

நலம். முறுக்கு உடையாமல் வந்தது. புடவை நன்றாக இருக்கிறது. கட்டுவேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி பாதிக்குமேல் நிரம்பிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் ஓட்டுகிறார்கள். ஓவர்டைம் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கண் பரிசோதனை நடத்தினேன். ஏழு பேருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அம்முலுவுக்குப் பார்வை சரியாக இருக்கிறது. "என் கண்ணுக்கு இன்னா கொற, உங்க மூஞ்சியில கோவம் வர்றது வாசல் கேட்டாண்டயே தெரியுதே" என்றாள்.

நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்ளலாம். பிருந்தா காலாண்டில் எவ்வளவு வாங்கினாள் என்று நீ எழுதவில்லை.

லீலாவதி


உத்திரமேரூர்
24-11-2024

அன்புள்ள சுகுமாருக்கு,

அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை, 19ஆம் தேதி, கம்பெனியில் ஒரு விபத்து. காலை பதினொன்றே காலுக்கு நாலாம் நம்பர் பிரஸ்ஸில் தகடு ஒன்று சிக்கியது. அதை எடுக்கும்போது அச்சு இறங்கிவிட்டது. அம்முலுவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். விரல்களைச் சுத்தமான துணியில் சுற்றி, பையில் போட்டு, பனிக்கட்டிக்குமேல் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். அது முறைப்படிதான் நடந்தது. ஆனால் நசுங்கியிருந்ததால் ஒட்டவைக்க முடியாது என்றார்கள்.

அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும். காரணத்தை நான் எழுத வேண்டும். வேலை அவசரத்தில் அவளே சென்சாரை அடைத்துவிட்டுக் கையை விட்டாள் என்று சடையப்பன் சொல்கிறார். அப்படி எழுதினால் அவளுக்கு வேலை போகும். இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள். விசாரணை நடக்கிறது.

வாசலில் விபத்தில்லா நாட்கள் என்று ஒரு பலகை உண்டு. அதில் இன்னும் 471 என்று இருக்கிறது. மாற்றச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லீலாவதி


ஓசூர்
1-12-2024

அக்கா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தகடு இருக்கிறது, அச்சு இருக்கிறது, பனிக்கட்டி இருக்கிறது. சென்சார் இருக்கிற பிரஸ்ஸில் கை எப்படி உள்ளே போனது என்பது மட்டும் இல்லை. நான் பிட்டராக இருந்தவன் அக்கா. சென்சார் இல்லாமல் அந்த பிரஸ் ஓட வேண்டுமென்றால், பேனலைத் திறந்து இரண்டு கம்பியை ஒட்டுப்போட வேண்டும். அதற்குச் சாவி வேண்டும், சாவிக்குச் சீட்டு வேண்டும். சீட்டு விஷயத்தை நீதான் பெருமையாக எழுதினாய். பிரஸ்ஸில் உட்கார்ந்து தகடு அடிக்கிற பொம்பளை பேனலை எங்கே போய்த் திறந்தாள்?

என் காதுக்குப் பரம்பரை என்று எழுதின டாக்டர் கெட்ட மனுஷன் இல்லை. எனக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். எழுதும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சீட்டு இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது.

சுகுமார்


ஓசூர்
22-12-2024

அக்கா, வணக்கம். நான் எழுதி மூன்று வாரமாகிவிட்டது, உன் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் "நலம்" என்று அனுப்பினாய். அது போதாது. கீதா பயப்படுகிறாள். எனக்கும்தான்.

சுகுமார்


உத்திரமேரூர்
12-1-2025

அன்புள்ள சுகுமாருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கீதாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

சீட்டு இருக்கிறது. ஆறு இருக்கின்றன. அக்டோபர் 14ஆம் தேதி, லாரி நிற்கும்போது, இருசப்பன் கம்பியை ஒட்டுப்போடக் கேட்டான். புது சென்சார் பத்து நாளில் வரும் என்று சடையப்பன் சொன்னார். ஒரு வாரத்துக்கு மட்டும், இடுக்கி இல்லாமல் தகடு எடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சென்சார் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்னொன்று போட்டேன். ஆறாவது, விபத்துக்கு முந்தின நாள். பராமரிப்புப் பிரிவில் இருந்த நகல்கள் இப்போது இல்லை. என்னுடையவை என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. "கிழிச்சிப் போட்ருங்க மேடம், உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன்" என்றார் சடையப்பன். மிரட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே என்மேல் அக்கறை இருந்தது. அறிக்கை இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. போக வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது.

நேற்று அம்முலுவைப் பார்க்கப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டார்.

"கம்பெனியிலேர்ந்து பேப்பர் எடுத்தாந்தாங்க மேடம். நானேதான் சென்சாரை மூடினேன்னு கையெழுத்து போடணுமாம். நான் எங்க மூடினேன்? பச்ச லைட்டு எரிஞ்சிக்கினுதானே இருந்திச்சி?"

"போட்டாயா?"

"இல்ல. உங்கள கேட்டுட்டு போடறேன்னு சொல்லிகீறேன். நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்." பிறகு அவளே, "நீங்க பூஜையில பொட்டு வெச்சிங்களே மேடம், அதனாலதான் ரெண்டு வெரலோட போச்சி. இல்லன்னா மொத்த கையும் பூட்டிருக்கும்" என்றாள்.

கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்தேன்.

லீலாவதி


ஓசூர்
20-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நீ வரவில்லை. பிருந்தா உன் பங்குக் கரும்பையும் தின்றாள்.

நீ இவ்வளவு எழுதினதே பெரிது. திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன், வரவில்லை. லாரி வாசலில் நிற்கும்போது நானும் எத்தனையோ கம்பியை ஒட்டியிருக்கிறேன். கை போகாதது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தது என்கிறாள் அம்முலு. ஒட்டுப்போட்டால் எரியத்தான் செய்யும். தூணும் அதே இடத்தில் நிற்கிறது. சென்சார் செத்துப்போச்சு, இடுக்கி போட்டு எடு என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? இந்த மாதிரிச் சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் வைத்திருந்ததில் இருந்தது. நீ அச்சடித்ததில் இல்லாமல் இருக்காது.

பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். எழுத வேண்டிய இடத்துக்கு எழுது.

சுகுமார்


உத்திரமேரூர்
9-3-2025

அன்புள்ள சுகுமாருக்கு,

ஏழு வாரமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். நீயும் கீதாவும் பிருந்தாவும் நலம் என்று நினைக்கிறேன். எனக்குச் சுகர் இறங்கியிருக்கிறது. காரணம் தெரியவில்லை.

நீ சொன்ன கட்டம் இருக்கிறது. "இயக்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டது." ஆறு சீட்டிலும் டிக் அடித்திருக்கிறேன். முதல் திங்கட்கிழமை அம்முலு லீவு. மறுநாள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று டிக் அடித்தேன். மறுநாள் ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். நான் அவர்களுக்குப் பதிவேடுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு வாரமும் பழைய சீட்டைப் பார்த்துப் புதியதை எழுதினேன். நான் சொல்லவில்லை, சுகுமார். வேறு யாரும் சொல்லவும் இல்லை. ஐந்து வாரம் அவள் அந்த விளக்கை நம்பிக் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 3ஆம் தேதி அறிக்கையை முடித்தேன். காரணம் எழுத மூன்று வரிதான் இடம் விட்டிருந்தார்கள். தனித்தாள் வைத்து எழுதினேன். ஆறு சீட்டின் நகலையும் இணைத்து ஆய்வாளர் அலுவலகத்தில் நானே கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், உங்க பேரையே போட்டுகீறீங்க? தப்பா டைப் ஆயிட்சா?" என்றார். இல்லை என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதைக் கொடுப்பதற்கு முன்னால் அம்முலுவிடம் போனேன். அவளுக்கு அது காகிதத்திலிருந்து தெரியக் கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும், "டிக்கு அடிச்சீங்க" என்றாள்.

"ஆமாம்."

"ஆறு தபா."

"ஆமாம்."

"எங்கிட்ட ஒரு தபா சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும் மேடம்?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "கெளம்புங்க மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆய்வாளர் வந்து இரண்டு நாள் விசாரித்தார். அம்முலுமேல் தவறில்லை என்று பதிவாகிவிட்டது. வேலை போகாது. தகடுகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கம்பெனிமேல் வழக்கு வரும். சாட்சியாகவும், ஒருவேளை அதைவிட மோசமாகவும், நான் போக வேண்டியிருக்கும். வேலையிலிருந்து பிப்ரவரிக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். சடையப்பன் என்னிடம் பேசுவதில்லை. இருசப்பன் மட்டும், "எம் பேரை வுட்டிருக்கலாமே மேடம்" என்றான். விட்டிருக்க முடியாது என்று சொன்னேன். புது சென்சார் ஜனவரியிலேயே வந்து மாட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை கணக்கு முடித்துக்கொள்ளக் கம்பெனிக்குப் போய்விட்டு, மதியம் மானாம்பதி சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். அரை நாள் ஷிப்ட் முடிந்து அம்முலுவும் வந்தாள். நல்ல வெயில். நிழலுக்கு ஒரு புளியமரம்தான், இரண்டு பேரும் அதன் கீழேதான் நின்றோம். நான் அவள் பெயரைச் சொன்னேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, காலியாகத்தான் இருந்தது. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை. கண்டக்டர், "ஏறும்மா, அடுத்த வண்டி ஒன்றரை மணி நேரம் ஆவும்" என்று கத்தினார். "நீ போ நைனா" என்றாள்.

கீதாவையும் பிருந்தாவையும் கேட்டதாகச் சொல். உன் காதுக்குப் பரம்பரை என்று கம்பெனி டாக்டர் எழுதிய காகிதத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
லீலாவதி